அலட்சியம் என்று ஊர் சொல்வதும் கோர்ட் சொல்வதும்

ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் ஒரு தடுப்புச்சுவர் சரிந்தால், மறுநாள் காலை பார்க்க வருகிறவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பாதி, "எல்லாம் மேல் வீட்டுக்காரன் அலட்சியம்" என்று சொல்லும். மறு பாதி, "மழைக்கு யார் என்ன பண்ண முடியும், கடவுள் செயல்" என்று பெருமூச்சு விடும். இரண்டையும் அப்படியே மனுவில் எழுதிக் கொண்டுபோனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். ஊர் 'அலட்சியம்' என்று எதைச் சொல்கிறது, சட்டம் எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்த்தால், மலையில் வீடும் வண்டியும் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் பணமும் சில சமயம் உயிரும் மிஞ்சும்.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே கிடையாது. 'அலட்சியம்' என்றால் அதில் ஒரு திமிர் ஒட்டிக்கொண்டிருக்கும். தெரிந்தும் பொருட்படுத்தாமல் விடுவது. 'அசட்டை' அதன் ஒன்றுவிட்ட சொந்தம். 'மெத்தனம்' என்பது செய்யலாம், செய்யலாம் என்று நாளைக் கடத்துவது. அரசு அலுவலகத்தைத் திட்டும் எந்தச் செய்தியும் இந்தச் சொல் இல்லாமல் முடியாது. வேலை நடக்கிறது, மனசு அதில் இல்லை என்றால் 'ஏனோதானோ'. 'கவனக்குறைவு' இருப்பதிலேயே சாது. பிள்ளையின் கணக்குப் பேப்பரில்கூட அதை எழுதலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழந்தமிழில் 'பொச்சாப்பு' என்று ஒன்று இருந்தது: சந்தோஷ மிதப்பில் செய்யவேண்டியதை மறந்துபோகிற சோர்வு. சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்களுக்காகவே செய்த சொல் போல இருக்கிறது. வழக்கொழிந்து போனதில் எனக்கு வருத்தம்தான்.

இந்தச் சொற்கள் எல்லாமே ஆளின் மனசைப் பற்றிப் பேசுகின்றன. சட்டம் அவன் கையைப் பார்க்கிறது. தினமும் வண்டிக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுக்கிறவர், இறக்கத்தில் கைப்பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டுப்போனால் சட்டத்தின் கணக்கில் அவர் கவனக்குறைவானவர். ஊரே 'உருப்படாதவன்' என்று சொல்கிற ஆள் அதே இடத்தில் கியரும் போட்டு, கல்லும் வைத்துவிட்டுப் போயிருந்தால் அவன் மேல் குற்றம் இல்லை. 1856-இல் பர்மிங்காம் நகரத் தண்ணீர்க் குழாய் வழக்கில் நீதிபதி ஆல்டர்சன் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் ஓடுகிறது: நிதானமுள்ள ஒரு சாதாரண மனிதன் செய்திருப்பதைச் செய்யாமல் விடுவதும், செய்திருக்க மாட்டாததைச் செய்வதும்தான் கவனக்குறைவு. அதில் மனம், குணம், பக்தி எதுவும் இல்லை.

நஷ்டஈடு கேட்கிறவர் காட்டவேண்டியது நான்கு. எதிராளிக்கு உங்களிடம் கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார், அந்தத் தவறுதலால்தான் இது நடந்தது, உங்களுக்கு உண்மையிலேயே சேதம். மூன்றாவதில்தான் பல வழக்குகள் வழுக்கி விழும். மேல் வீட்டுக்காரர் சுவரை மோசமாகக் கட்டியிருக்கலாம். ஆனால் உங்கள் சமையலறைக்குள் வந்த மண் அவர் சுவருக்குப் பக்கத்து ஓடையிலிருந்து வந்திருந்தால், அவர் சுவர் எவ்வளவு மோசமானாலும் உங்களுக்குப் பைசா வராது.

முதல் கேள்வியான கடமைக்கு விடை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 1928-இல் பெய்ஸ்லி ஊர்க் கடை ஒன்றில், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தை ஒரு பெண் குடித்தார். பாட்டில் கறுப்புக் கண்ணாடி. மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை வெளியே வந்தது என்பது புகார். காசு கொடுத்தவர் தோழி, ஆகவே குடித்தவருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. 1932-இல், அப்போது பிரிட்டனின் உச்சபட்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கடமை உண்டு என்றது. அட்கின் பிரபு அதற்குப் பிடித்த கொம்பு 'அண்டை அயலார்' என்ற சொல்: என் செயல் யாரை நேராகப் பாதிக்கும் என்று நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர் என் அயலார். சமவெளியில் அயலார் என்றால் இடமும் வலமும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அயலார் மேலேயும் கீழேயும் இருக்கிறார்கள். மேலே இருப்பவர் விடுகிற தண்ணீர், வெட்டுகிற மண், நிறுத்துகிற வண்டி எல்லாம் கீழே இருப்பவரைத் தேடித்தான் போகும். இதை முன்கூட்டியே நினைத்திருக்க முடியாது என்று மலையில் வாழ்கிற யாரும் சொல்ல முடியாது.

இனி 'அஜாக்கிரதை'. வீட்டுப் பேச்சில் இந்தச் சொல் தேய்ந்துவிட்டது, போலீஸ் ஸ்டேஷனில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த விபத்து முதல் தகவல் அறிக்கையை எடுத்தாலும் "வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற தொடர் அச்சுப்போல் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறிய கேரட் லாரியும் அந்த வாசகத்தில் 'அதிவேகமாக'த்தான் வந்திருக்கும்! பழக்கத்தில் எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தொடருக்குள் சட்டம் இரண்டு தனித்தனிச் சங்கதிகளை வைத்திருக்கிறது. ஆபத்து தெரிந்தே, ஒன்றும் ஆகாது என்று துணிந்து செய்வது ஒன்று. பார்க்கவேண்டியதைப் பார்க்காமல், செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவது இன்னொன்று. 1881-இலேயே அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை எழுதி வைத்தது. வளைவில் ஹாரன் அடிக்காமல், எதிர்ப்பக்கம் தெரியாமல் முந்துவது முதல் வகை. டயர் மொட்டையாகிவிட்டதைப் பார்க்காமலே மழையில் இறங்குவது இரண்டாவது.

புகார் எழுதித் தருகிறவர் இந்த அச்சு வாசகத்துக்கு மேலே இரண்டு வரி சேர்த்துச் சொன்னால் நல்லது: எந்த வளைவு, ஏறின வண்டியா இறங்கின வண்டியா, எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் பள்ளம், விளக்கு எரிந்ததா, பனிமூட்டம் எவ்வளவு. அகலம் போதாத மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதியும்கூட. ஏற்றத்தில் நின்ற பாரவண்டி திரும்பக் கிளம்புவது கஷ்டம், பின்னால் உருளும் அபாயம் உண்டு. இறங்குகிறவர் நிற்பது சுலபம். 'அதிவேகம்' என்பதைவிட 'இறங்கி வந்த வண்டி ஒதுங்கவில்லை' என்பது ஒரு வழக்கில் எவ்வளவோ கனமான வாக்கியம்.

நிறுத்தின வண்டிக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-வது பிரிவு சின்னது. மலைக்கு அதைவிடப் பொருத்தமான பிரிவு வேறு இல்லை. லைசென்ஸ் உள்ள ஒருவர் ஓட்டுநர் சீட்டில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகரமுடியாதபடி செய்திருக்க வேண்டும். டீக்கடை முன்னால் எஞ்சினை ஓடவிட்டுக் கைப்பிரேக் மட்டும் இழுத்துவிட்டு இறங்குகிற பிக்கப்காரர் அந்தக் கணமே தவறிவிட்டார். உருண்டால்தான் தவறு என்பதில்லை, உருளாதவரை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எப்படி நிறுத்துவது? முகம் மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். உருள ஆரம்பித்தால் வண்டி சாலைக்கு வராமல் மலைப்பக்க மண்ணில் முட்டும்படி முன்சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு இறக்கப் பக்கம் சக்கரத்துக்கு அடியில் கட்டையோ கல்லோ, இரண்டு சக்கரத்துக்கும். கைப்பிரேக் கேபிள் நாளாக நாளாக இழுபடும். பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில், சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கிப் பிடிமானம் தளர்வதும் உண்டு. அதனால்தான் நிறுத்தினபோது அசையாத வண்டி அரை மணி கழித்து நகர்கிறது. போகும்போது கல்லைச் சாலை நடுவிலேயே விட்டுப் போகிற வழக்கம் தனி வியாதி. பின்னால் வருகிற பைக்காரர் அதில் ஏறி விழுந்தால் அதுவும் கல்லை வைத்தவர் கணக்கு.

ஓடுகிற வண்டியில் அதிகம் கேட்கிற பதில் 'பிரேக் பிடிக்கவில்லை'. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325. நடுவே 14 கொண்டை ஊசி வளைவு. இரண்டு டன் வண்டி அந்த 1,500 மீட்டர் இறங்கும்போது வெளியேறவேண்டிய சக்தி ஏறக்குறைய 8 யூனிட் கரண்டுக்குச் சமம். அதாவது ஆயிரம் வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் எரிகிற வெப்பம். எஞ்சினும் எதிர்க்காற்றும் ஏற்காத பங்கு முழுக்க பிரேக்கில்தான் இறங்கும். இரண்டாவது கியரில் வந்தால் எஞ்சினே பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். நாலாவதிலோ நியூட்ரலிலோ விட்டால் லைனிங் தீய்ந்து வழுக்கத் தொடங்கும். மிதி கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. அல்லது பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். மிதி பஞ்சுபோல் தரைக்குப் போகும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அதன் தரவரம்பு 140-தான்.

இதில் ஒரு விசித்திரம். கொதித்த ஆயில் ஆறினால் பிரேக் பழையபடி பிடிக்கும். இரண்டு நாள் கழித்து மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து மிதித்துப் பார்த்து, 'விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். ஓட்டுநருக்கு அநியாயம் போலத் தோன்றும். அவர் கண்ணால் பார்த்ததுதான், பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கை வந்ததும் கேள்வி 'எந்த கியரில் இறங்கினாய்' என்று மாறிவிடுகிறது. சரி, உண்மையிலேயே ஒரு பாகம் உடைந்தது என்று வையுங்கள். அப்போதும் தப்பிக்க வழி குறுகல். உடைந்தது என்று சொன்னால் போதாது, உரிய கவனத்தோடு பராமரித்தும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்த கோளாறு அது என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரேக் ஆயில் மாற்றிய தேதி போட்ட ஒர்க்‌ஷாப் பில் ஒன்று அங்கே நூறு சாட்சிக்குச் சமம்.

இப்போது சுவர். மலைவாசிகளின் சண்டையில் பாதி இதில்தான்.

பத்தடி உயரத்துக்குச் சரிவை வெட்டி, மனை எடுத்து, வெட்டின முகத்தில் கல் சுவர் எழுப்புகிறார்கள். சுவரைத் தள்ளுவது மண் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். காய்ந்த மண்ணின் தள்ளலை ஒரு சுமாரான சுவர்கூடத் தாங்கும். தண்ணீரைத் தாங்காது. சுவருக்குப் பின்னால் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டும் நாலரை டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேலே. அந்தத் தண்ணீரை வெளியே விடத்தான் வீப் ஹோல். 75 அல்லது 100 மில்லிமீட்டர் பைப், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, அடுத்த வரிசை முன்வரிசையின் இடைவெளியில் வரும்படி மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து. பைப்பின் உள்வாயில் பெரிய ஜல்லி, அதைச் சுற்றிச் சின்ன ஜல்லி, அதற்குப் பின் மணல். சுவருக்கு மேலே, வெட்டின விளிம்பிலிருந்து தள்ளி, மழைத்தண்ணீரைத் திருப்பிவிடும் வாய்க்கால்.

செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது கண்ணுக்குத் தெரியாதது. ஜல்லி போடாமல் வெட்டின செம்மண்ணையே பின்னால் தள்ளி நிரப்புவார்கள்; முதல் மழையிலேயே சேறு பைப்பை அடைத்துவிடும். இன்னும் மோசம், முன்பக்கம் அழகுக்கு அரையடி பைப் செருகி வைத்திருப்பது. பின்னால் வரை துளையே போயிருக்காது. மேல் வாய்க்காலில் சிமெண்ட் விரிசல் விட்டால் வாய்க்காலே இல்லாததைவிட ஆபத்து. ஊர்த்தண்ணீரை எல்லாம் திரட்டிச் சுவருக்குப் பின்னால் ஊற்றும். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழியைச் சுவருக்கு மூன்றடி பின்னால் தோண்டினவர்களும் உண்டு.

சுவர் விழுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் விழும். நடுவில் வயிறு தள்ளும். மேலே புல்தரையில் விளிம்புக்கு இணையாகப் பிறைபோல் விரிசல் ஓடும். மேல் வீட்டுக் கதவு திடீரென்று சட்டத்தில் இடிக்கும். மின்கம்பமும் சவுக்கும் பள்ளப்பக்கம் சாயும். வீப் ஹோலில் தெளிவாக வந்துகொண்டிருந்த தண்ணீர் சேறாக வந்தால், உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். கனமழையில் திடீரென்று நின்றுபோனால் அது இன்னும் கெட்ட சகுனம்: தண்ணீர் உள்ளே ஏறுகிறது. அன்று ராத்திரி அந்தச் சுவருக்குக் கீழே படுக்கக் கூடாது.

இந்த அறிகுறிகளுக்குச் சட்டத்தில் தனி மதிப்பு. வயிறு தள்ளின சுவரைப் பார்த்தபிறகு, அல்லது கீழ் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தபிறகு, 'எதிர்பார்க்கவில்லை' என்ற வாதம் செத்துவிடுகிறது. 'கடவுள் செயல்' என்பதும் அப்படித்தான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை கொட்டும் என்பது பஞ்சாங்கம் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேல் உயிர் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. வழக்கமான பருவமழையைக் கடவுள் தலையில் கட்ட முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மாதிரி மழைக்கு வேண்டுமானால் அந்த வாதம் எடுபடும். அதிலும் ஒரு கண்ணி. 1876-இல் இங்கிலாந்தில் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் வழக்கில், யார் நினைவிலும் இல்லாத மழையில் அழகுக்குளங்கள் உடைந்து நாலு பாலங்களை அடித்துப்போயின. குளத்துக்காரி தப்பித்தார். மழை பெரிது என்பதோடு, குளங்களைக் கட்டினதிலும் பராமரித்ததிலும் குறை இல்லை என்று ஜூரி கண்டதும் சேர்ந்துதான் அவரைக் காப்பாற்றியது. உங்கள் சுவரில் பைப்பே இல்லை என்றால் எவ்வளவு பெரிய மழையும் உதவாது.

நேர்மாறாக, கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கவிழ்ப்பதும் நடக்கும். கீழ்மனைக்காரர் தன் எல்லைவரை மண்ணைச் செங்குத்தாக வெட்ட, மேலே இருப்பவரின் வாசல் இறங்கிவிடுகிறது. 1882 வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவிலேயே, அக்கம்பக்கத்து நிலம் இயற்கையாகத் தருகிற தாங்குதலுக்கு ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உரிமை உண்டு என்று உதாரணத்தோடு இருக்கிறது. ஆனால் அது இயற்கை நிலையில் இருக்கும் நிலத்துக்கு. மேலே மாடி கட்டி பாரம் ஏற்றியிருந்தால், 20 ஆண்டு தடையில்லாமல் அந்தத் தாங்குதலை அனுபவித்திருந்தால்தான் கட்டடத்துக்கும் உரிமை நிலைக்கும். அதற்குள் என்றால், வக்கீல் வெட்டின விதத்தைப் பிடித்துக்கொள்வார்: அனுமதி வாங்கினாரா, மழைக்காலத்தில் வெட்டினாரா, ஒரே மூச்சில் வெட்டினாரா, முட்டுக் கொடுத்தாரா.

மரத்துக்குச் சட்டம் கொஞ்சம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. ராஜ்கோட்டில் நடைபாதையில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தவர் மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். உயர் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. 1997-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மாநகராட்சி பொறுப்பில்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு குறைவு. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: மரம் ஆபத்தானது என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டமுடியாவிட்டால் வழக்கு பலவீனம். அதனால் எழுதிக்கொடுங்கள். வேர் மேலே தெரிகிற, சாய்ந்த கற்பூர மரமோ சீகை மரமோ உங்கள் கூரைக்கு மேலே நின்றால் நீங்களே வெட்டிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். விழும் நிலையிலுள்ள மரம், கட்டடம் எதுவானாலும் அகற்றச் சொல்லி உத்தரவு போட கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, இப்போதைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 152. ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று அந்தந்தக் கோட்டத்தில் மனு கொடுக்கலாம்.

காட்டுப்பன்றிக்குப் போடுகிற கரண்ட் வேலியைப் பற்றி ஒரே ஒரு சேதி. 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செருபின் கிரிகரி வழக்கில், தன் கழிப்பறையை அடுத்த வீட்டார் உபயோகிக்கக் கூடாதென்று ஒருவர் மேலுறை இல்லாத கம்பியில் மின்சாரம் விட்டிருந்தார். எச்சரிக்கைப் பலகை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் தொட்டு இறந்தார். என் இடத்துக்குள் அவள் அத்துமீறி வந்தாள் என்ற வாதத்தைக் கோர்ட் தூக்கிப் போட்டது, தண்டனை உறுதியானது. பன்றிக்கு வைத்தேன், ஆள் வந்துவிட்டான் என்பதற்கும் அதே கதிதான். இதற்கு நஷ்டஈடு மட்டும் இல்லை, சிறையும் உண்டு.

சிறை என்றதும்: கவனக்குறைவால் உயிரிழப்புக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டுவரை. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் 106(1), 5 ஆண்டுவரை. மருத்துவச் சிகிச்சையின்போது மருத்துவர் செய்த தவறு என்றால் 2 ஆண்டுவரை. தண்டனைக்குச் சாதாரணச் சறுக்கல் போதாது, கவனக்குறைவு கடுமையாக இருக்கவேண்டும் என்று 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு மருத்துவர்கள் விஷயத்தில் சொன்னது. குற்ற வழக்கில் சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் விடுதலை. விபத்துத் தீர்ப்பாயத்தில் இப்படித்தான் நடந்திருக்கும் என்ற அளவு போதும். ராத்திரியில் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதிய பேருந்து வழக்கு ஒன்றில் ஓட்டுநர் குற்ற வழக்கிலிருந்து விடுதலையாகியும் நஷ்டஈட்டை 1980-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஓட்டுநர் விடுதலையானால் நஷ்டஈடும் போச்சு என்று வீட்டோடு உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

உங்கள் பங்குத் தவறும் கணக்கில் வரும். நஷ்டம் 10 லட்சம், உங்கள் தவறு 30 சதவீதம் என்றால் கையில் 7 லட்சம். ஆனால் பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே பின்னால் உட்கார்ந்தவர் பங்கில் வெட்டக் கூடாது என்று 2020-இல் தீர்ப்பு உண்டு. மூன்று பேர் போனதால்தான் விபத்து நேர்ந்தது என்று காட்டியாக வேண்டும். மறுபடியும் அதே மூன்றாவது கேள்வி: அந்தத் தவறுதலால்தான் இது நடந்ததா?

விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வரி: குளிருக்கு என்று மூடிய அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரியடுப்பு கொடுக்காதீர்கள், விருந்தினர் கேட்டாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழவே மாட்டார்.

கெடு விஷயம். வாகன விபத்து மனுவுக்கு 6 மாதக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்தது. உச்ச நீதிமன்றத்தில் அது கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்றாலும் அதை நம்பித் தூங்க வேண்டாம். சுவர், சரிவு போன்ற வேறு கவனக்குறைவில் உயிரிழப்பு என்றால் குடும்பத்தார் வழக்குக்கு 2 ஆண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 ஆண்டு.

கடைசியாக, மேல் வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம். பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்: "தாங்கள் மிகவும் அலட்சியமாக இருப்பதால் எங்கள் உயிருக்கு ஆபத்து." கோபம் நியாயமானது, கடிதம் வீண். இப்படி எழுதலாம்: "ஐயா, சர்வே எண் இன்னதில் தங்கள் தெற்குத் தடுப்புச்சுவர், நீளம் சுமார் 40 அடி, உயரம் 11 அடி. நடுப்பகுதி சுமார் 3 அங்குலம் முன்னால் தள்ளியிருக்கிறது. உள்ள 6 வீப் ஹோலில் 5-இல் மழையன்றும் தண்ணீர் வரவில்லை. மேல் வாய்க்காலில் இரண்டு இடத்தில் விரிசல். இன்ன தேதியில் எடுத்த படங்கள் இணைப்பில். மழைக்கு முன் பொறியாளரை வைத்துப் பார்த்துச் சரிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." படத்தில் சுவரோடு ஒரு அளவு டேப் தெரியட்டும். ஒப்புகை கிடைக்கிற அஞ்சலில் அனுப்பி, நகலை நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ, இன்னொன்றைக் கோட்டாட்சியருக்கும் கொடுங்கள். பக்கத்து வீடாயிற்றே, நேரில் சொன்னால் போதாதா என்றால், நேரிலும் சொல்லுங்கள், டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள், கடிதத்தையும் அனுப்புங்கள். ஆவணியில் அனுப்பினால் வேலை செய்ய அவருக்கு இரண்டு மாதம் இருக்கும்.